பதினாலாயிரம் ரூபாய் ரேக்

என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 3,00,000 என்று எழுதி, அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டு வைத்திருந்தேன். இப்போது அந்த வட்டத்தின் மேல் ஒரு கோடு விழுந்து, பக்கத்தில் 2,86,000 என்று இருக்கிறது. அடிபட்ட என் காரைக் கழட்டி உதிரி உதிரியாக விற்ற கணக்கு அது. நடுவில் காணாமல் போன பதினாலாயிரம், சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்கை விற்று வந்த பணம், அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. யாரும் ஏமாற்றிக்கொண்டு போகவில்லை, நானே எண்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். கொடுத்தது சரியா, அல்லது ஒரு பையனின் வண்டியைத் தேவையில்லாமல் கெடுத்துவிட்டு வந்தேனா என்பது இரண்டு மாதமாகியும் தெளியவில்லை. வீட்டில் இதைப் பற்றி இனிமேல் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இங்கே.

கார், அபார்த் புன்டோ. தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயரே போதும். தெரியாதவர்கள் தெருவில் பார்த்தால் சாதாரண ஃபியட் புன்டோ என்றுதான் நினைப்பார்கள், பக்கவாட்டில் தேள் படம் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 145 குதிரைத் திறன், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். 2015 அக்டோபரில் பத்து லட்சத்துக்கு ஐயாயிரம் குறைவாக விலை வைத்து இறக்கினார்கள். நான் வாங்கியது நாலு வருடம் கழித்து, கோயம்புத்தூரில், இரண்டாவது கை. இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறாயே என்று சிரிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. சிரிக்கட்டும். அவர்கள் யாரும் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு அதில் ஏறிப் பார்க்கவில்லை.

மலையில் குடியிருப்பவனுக்கு டர்போ ஏன் பெரிய விஷயம் என்று கீழே இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. ஊட்டி இருக்கும் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சாதாரண இன்ஜின் தானாக இழுத்துக்கொள்ளும் காற்றை நம்பி ஓடுவது, காற்று மெலிந்தால் அதுவும் மெலியும். மேட்டுப்பாளையத்தில் நூறு குதிரை என்றால் ஊட்டிக்கு வந்து சேரும்போது ஏறக்குறைய இருபது குதிரை வழியில் இறங்கிப் போயிருக்கும். டர்போ மெல்லிய காற்றையும் அமுக்கித் திணிக்கிறது, இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். பக்கத்தில் ஏறுகிற கார்கள் எல்லாம் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டிருக்கும்போது நம் கார் மட்டும் சமவெளியில் ஓடுவது போல ஓடுகிறதே என்கிற அந்தக் கர்வத்துக்காகத்தான் வாங்கினேன். வேறு காரணம் சொன்னால் பொய்.

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, குஞ்சப்பனை தாண்டி ஏறும்போது, மூடுபனிக்குள் ஒரு காட்டெருமை. இங்கே அது அதிசயமில்லை, பள்ளிக்கூட வாசலில்கூட நிற்கும். ஆனால் வளைவு திரும்பியதும் நடுரோட்டில் பக்கவாட்டாக நின்றால் ஒரு கறுப்புச் சுவர்தான். இடது பக்கம் ஒடித்தேன், முன் இடது சக்கரம் சிறுபாலத்தின் கட்டைச் சுவரில் போய் அடித்தது. எருமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு சீட் பெல்ட் இழுத்த தோள்வலி மட்டும். காருக்கு முன்பக்கம் இடது மூலையே இல்லை.

கழட்டல்

பழுது பார்க்கும் செலவு, காப்பீட்டில் குறித்திருக்கும் மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று தீர்த்துவிடுவார்கள். என் காரை அப்படித்தான் தீர்த்தார்கள். உடைந்த காருக்கு ஒரு விலை போட்டு, அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார்கள், கார் என்னிடமே இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய வண்டி வியாபாரி வந்து சுற்றிப் பார்த்துவிட்டுத் தொண்ணூறாயிரம் என்றார். அவர் கண் டர்போ பக்கம் இரண்டு தடவை போனதை நான் பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், நானே கழட்டி நானே விற்பது என்று. எங்கள் தாத்தா காலத்தில் தேயிலை எடை போட்ட ஷெட் ஒன்று வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்தது.

சட்டப்படி முதல் வேலை ஆர்சியை ஒப்படைப்பது. இனி ஓடாது என்று ஆகிவிட்ட வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். சேஸிஸ் நம்பர் பொறித்த தகட்டை கிரைண்டர் வைத்து அறுத்தபோது மட்டும் ஏதோ செய்தது, மற்றபடி கழட்டுவது எனக்குப் பிடித்துப்போனது. ஆறு வாரம், மாலை நேரங்களில். போல்ட் ஒவ்வொன்றையும் பெயர் எழுதிய கவரில் போட்டு வைத்தேன். ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவர் பட்டறை பூட்டிய பிறகு வந்து இன்ஜினை இறக்கிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. மூன்று நாள் இரவுச் சாப்பாடும், என் மனைவி கையால் அவரைக் குழம்பும் கேட்டார், கிடைத்தது.

விற்பனை நான் நினைத்ததைவிடச் சுலபமாக நடந்தது, காரணம் எளிது. 2020 ஏப்ரலில் வண்டிப் புகைக்கான பிஎஸ் 6 விதி வந்தபோது ஃபியட் பெயரில் இந்த நாட்டில் ஒரு கார்கூட விற்பனையில் இல்லை. ஆனால் புன்டோவும் லீனியாவும் வைத்திருக்கும் ஆட்கள் இன்னும் விடுவதாயில்லை, ஊர் ஊராக உதிரி தேடுகிறார்கள். விளம்பரம் போட்டு அரைமணி நேரத்தில் முதலில் போனது என்ன தெரியுமா? டர்போ இல்லை, தேள் பேட்ஜ். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு, சேலத்துக்காரர் ஒருவர் தன் டீசல் புன்டோவில் ஒட்ட. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால் இதில் தவறில்லை. கார்லோ அபார்த் என்ற மனிதர் வியன்னாவில் 1908 நவம்பரில் பிறந்து, விருச்சிக ராசி என்பதால் தேளைச் சின்னமாக வைத்துக்கொண்டவர். சிசிட்டாலியா என்ற இத்தாலியப் பந்தயக் கம்பெனி நொடித்தபோது அதன் கார்களையும் சாமான்களையும் எடுத்துக்கொண்டுதான் 1949-ல் தன் கம்பெனியைத் தொடங்கினார், அதற்குச் சோறு போட்டதில் பெரும் பங்கு சாதாரண ஃபியட் கார்களுக்கு அவர் செய்து விற்ற சைலன்ஸர்களுக்கு. அதாவது இந்தப் பெயரே ஒரு கழட்டலில் பிறந்து உதிரி விற்று வளர்ந்த பெயர். என் தேயிலை ஷெட்டைப் பார்த்திருந்தால் அந்த மனிதர் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார்.

பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி "லாஸ்ட் எவ்ளோ?" வணக்கம் கிடையாது, பெயர் கிடையாது. இரண்டாவது வகை ஆட்கள் உண்டு, அவர்களிடம் பேசினால் நமக்கே ஏதாவது தெரிய வரும். டர்போ வாங்கிய பெங்களூர்க்காரர் ஒரு மணி நேரம் வீடியோவில் வைத்து வாங்கினார். தண்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கச் சொன்னார், அந்தப் பக்கம் ஆட்டமே கூடாது, பக்கவாட்டில் மட்டும் துளி இருக்கலாம். காற்று இழுக்கும் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று டிஷ்யூ வைத்துத் துடைத்துக் காட்டச் சொன்னார். அதோடு, "மலை ஏறி வந்ததும் உடனே ஆஃப் பண்ணுவீங்களா, ஒரு நிமிஷம் ஓட விடுவீங்களா?" என்றார். ஓட விடுவேன், அது உண்மை. கொதிக்கிற டர்போவில் எண்ணெய் ஓட்டம் சட்டென்று நின்றால் உள்ளே கரியாகிவிடும். "அத நான் எப்படி நம்பறது?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்து, முப்பத்தெட்டாயிரம் அனுப்பினார். தேயிலைத்தூள் சாக்கில் சுற்றி அனுப்பினேன், டர்போ பெட்டியைத் திறந்ததும் டீ வாசம் அடித்தது என்று குரல் செய்தி போட்டார்.

அவர் கேட்ட அந்தக் கேள்வி அப்போது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பழைய சாமானில் கண்ணால் பார்க்கக்கூடியது பாதிதான். மீதிப் பாதி விற்கிறவன் வாயில் இருக்கிறது.

இன்ஜினுக்கு வந்தவர்கள் முதலில் பேப்பர் கேட்டார்கள், சரிதான். அதே ரக இன்ஜினை மாற்றினாலும் முன்கூட்டி அனுமதி வாங்கி, புது நம்பரை ஆர்சியில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் என்றைக்காவது செக்போஸ்ட்டில் மாட்டும். கொச்சியில் ஒரு லீனியாவுக்கு எல்லாக் காகித நகலோடும் போனது. கியர்பாக்ஸ், சைலன்ஸர், பின் டிஸ்க் செட், சீட், இசியூ எல்லாம் ஒவ்வொன்றாகக் கிளம்பின. இன்ஜினை நடத்தும் கணினிப் பெட்டிதான் இசியூ, அதைத் தனியாக விற்க முடியாது, திருட்டுத் தடுப்புப் பூட்டு சாவியோடு பின்னிக் கிடப்பதால் சாவியும் கூடவே போக வேண்டும். இல்லாத காருக்குச் சாவியைப் பார்சல் கட்டுவது ஒரு மாதிரிதான் இருந்தது.

எனக்கு என்று சில விதிகள் வைத்திருந்தேன். பிரேக் பேடு விற்பதில்லை. சீட் பெல்ட் விற்பதில்லை, அடி வாங்கும்போது ஒரு தடவை வெடித்து இறுகிய பெல்ட் மறுபடி வேலை செய்யாது. முன் இடது பக்கத்துச் சாமான் எதுவும், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், பழைய இரும்புக்கு. நாலு அலாய் சக்கரத்தில் உடைந்தது ஒன்றுதான், முன் வலதையும் சேர்த்து இரண்டை ஒதுக்கி, பின் இரண்டை மட்டும் விற்றேன். இதையெல்லாம் மெக்கானிக் அண்ணனிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைவு.

நோட்டில் கூட்டல் 2,86,000-ல் வந்து நின்றது. இன்னும் பதினாலாயிரம் இருந்தால் மூன்று லட்சம். எனக்கு அந்தப் பணத்துக்கு அவசரம் ஏதுமில்லை. தொண்ணூறாயிரம் சொன்ன வியாபாரியிடம் ஒருநாள் யதேச்சையாகப் பேசுவது போல "மூணு லட்சம் ஆச்சுங்க" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஒரு சின்ன இறுக்கம்

மிச்சம் இருந்ததில் விலைபோகக்கூடியது ஸ்டீயரிங் ரேக். அதை இடது சாமானில் சேர்ப்பதா, வலது சாமானில் சேர்ப்பதா? காரின் குறுக்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை கிடப்பது அது. உருளைக் குழாய் ஒன்று, அதற்குள் பல் வெட்டிய நீளமான தண்டு, இரண்டு முனையிலும் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியான டை ராடு. நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம் அந்தத் தண்டை இடமும் வலமும் தள்ளும், தண்டு சக்கரங்களைத் திருப்பும். இடது டை ராடு வளைந்திருந்தது, அதைத் தூக்கிப் போட்டேன். ரேக்கைத் துடைத்து பெஞ்சில் வைத்துப் பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. பினியனைக் கையால் பிடித்து ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பினேன்.

ஓரிடத்தில், ஒரு பக்கக் கோடிக்குக் கொஞ்சம் முன்னால், லேசாகப் பிடித்தது. நின்றுவிடவில்லை, கரகரக்கவில்லை. ஊறிய கயிற்றை இழுக்கும்போது ஒரு முடிச்சு விரலில் உரசிப் போகுமே, அந்த மாதிரி. மறுபடி திருப்பினேன், அந்தளவு தெரியவில்லை. மூன்றாவது தடவை இல்லவே இல்லை. இரவு எட்டு மணி, ஷெட்டில் குளிர் ஏழெட்டு டிகிரி இருக்கும். கிரீஸ் இறுகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தமாகவே சொன்னேன், பக்கத்தில் யாரும் இல்லை.

கூடலூரிலிருந்து ஒரு தம்பி பேசினான். புன்டோ இவோ வைத்திருக்கிறான், ரேக் ஆட்டம் விழுந்து மேடு பள்ளத்தில் லொடக் லொடக் என்கிறது, ஆறு மாதமாகத் தேடுகிறான். குரலில் ஒரு மரியாதை இருந்தது, லாஸ்ட் கேட்கவில்லை. "அண்ணா, கம்ப்ளைன்ட் எதுவும் இல்லீங்களே?" என்றான். நான் "ஒண்ணும் இல்ல தம்பி, ஸ்மூத்தா இருக்கு" என்றேன். இந்தப் பதில் என் வாயிலிருந்து வந்த வேகத்தைத்தான் இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். யோசித்துச் சொல்லியிருந்தால் அதைப் பொய் என்று வைத்துக்கொள்ளலாம். யோசிக்கவே இல்லை, மூன்று லட்சம் சொல்லியது. பதினாலாயிரம் வந்தது, வட்டம் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மெக்கானிக் அண்ணன் வந்தார், வேறு வேலையாக. பேச்சோடு பேச்சாக ரேக் விற்றதைச் சொன்னேன், குளிரில் கிரீஸ் கொஞ்சம் இறுகியிருந்ததையும் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை, யாரும் கேட்கவில்லை. அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கிரீஸு இறுகினா பூரா இடத்துலயும் இறுகணும். ஓரிடத்துல மட்டும் எப்படிப் பிடிக்கும்?"

நான் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். ரேக்கில் எப்போதும் தேய்வது நடுப்பல்தான், ஏனென்றால் நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம். நடுப்பல் தேய்ந்து, அதற்கு ஏற்ப அட்ஜஸ்ட்மென்ட் இறுக்கி வைத்திருந்தால், தேயாத ஓரப் பல்லுக்கு வரும்போது இறுக்கமாகத் தெரியும். அதில் பயமில்லை. ஆனால் அப்படி என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். "ஒரு பக்கம் மட்டும்னா தண்டு வளைஞ்சிருக்கு. இடது வீல்ல வாங்குன அடி டை ராடு வழியா நேரா அதுக்குத்தானே போகும்? ரெண்டு பக்கமும் இருந்துச்சா, ஒரு பக்கமா?"

எனக்கு நினைவில்லை. அதுதான் உண்மை. பிடித்த இடம் நினைவிருக்கிறது, மறுபக்கம் எப்படி இருந்தது என்று நான் கவனிக்கவே இல்லை. முதல் தடவை பிடித்ததும் என் கவனமெல்லாம் அது இல்லாமல் போக வேண்டும் என்பதில் போய்விட்டது.

அன்று இரவு தூக்கமில்லை. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு வரும் பாதை தெரிந்தவர்களுக்கு நான் எதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாதையில் ரேக் நடுப்பல்லில் ஓடுவது குறைவு, கோடிக்குக் கோடி போய் வரும்.

கூடலூர்

காலையில் போன் செய்தேன். "தம்பி, அந்த ரேக்கைக் கழட்டிடு, பணத்தைத் திருப்பித் தரேன், அதுல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு." நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "அண்ணா, வேற யாராச்சும் ஜாஸ்தி விலைக்குக் கேட்டாங்களா?" என்றான்.

இதற்கு நான் தயாராக இல்லை. இல்லை இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவனுக்குச் சந்தேகம் கூடியது. வண்டி சூப்பராக இருக்கிறதாம், சத்தமே இல்லையாம், வீல் அலைன்மென்ட் பார்த்தாயிற்றாம், எல்லாம் பச்சையில் இருக்கிறதாம். "இப்ப வந்து சந்தேகம்னா எப்படிங்ணா? விக்கும்போது ஸ்மூத்தா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க." ஆமாம், நான்தான் சொன்னேன். முதலில் சொன்ன வார்த்தையை அவன் அப்படியே நம்பியிருக்கிறான், அதனால் இரண்டாவதாகச் சொல்வதை நம்ப அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். பைக்காராவில் வெயில், நடுவட்டத்தில் மழை, கூடலூரில் புழுக்கம், வழக்கம்போல. பையனுக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தான். அவன் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார், அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் குறுக்கே பேசவே இல்லை. முடித்ததும் மகனைப் பார்த்து, "சாவிய எடு" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் ஊசிமலை வரை ஏறினோம். பவர் ஸ்டீயரிங் இல்லாத பஸ்ஸை வருடக் கணக்கில் இந்த வளைவுகளில் திருப்பிய கை அது, ஆனால் ஸ்டீயரிங்கை அவர் பிடித்திருந்த விதம் ஏதோ முட்டையைப் பிடிப்பது போல இருந்தது, விரல் நுனியில். ஏறும்போது ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது மூன்றாவதோ நாலாவதோ கொண்டை ஊசியில், வலது பக்கம் நன்றாக ஒடித்து நிமிர்க்கும் நேரத்தில், அவர் முகம் லேசாகச் சுருங்கியது. அடுத்த வலது வளைவிலும். வீட்டு வாசலில் இறங்கி, "ஒரு முள்ளு இருக்கு தம்பி" என்றார். "இடது பக்கம் இல்ல. வலது ஒடிக்கையில மட்டும், கடைசிக்குக் கொஞ்சம் முன்னால."

பையன், "எனக்கு ஒண்ணும் தெரியலப்பா" என்றான். நானும் ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. அவர் எங்கள் இருவரையும் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன்.

அன்றைக்கே பக்கத்துப் பட்டறையில் ரேக்கை இறக்கினோம். பையனின் பழைய ரேக் நல்லவேளையாக இன்னும் எடைக்குப் போகவில்லை, அதையே திருப்பி மாட்டினார்கள். பதினாலாயிரத்தோடு ரேக் மாட்டிய கூலியையும் இரண்டு தடவைக்கும் சேர்த்துக் கொடுத்தேன், எண்ணி வாங்கியது அப்பா. அவர்கள் வீட்டில் கட்டன் சாயா கொடுத்தார்கள், குடித்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வரும் வழியெல்லாம் நெஞ்சு லேசாக இருந்தது. பைக்காரா தாண்டியதும் பாட்டுக்கூடப் போட்டேன் என்று நினைக்கிறேன்.

நாலு கோடு

இத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை. ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ரேக்கை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி, ஒரு லேத்காரரிடம் கொடுத்தேன். தண்டை வெளியே உருவி, கழுவி, வி பிளாக் என்கிற பள்ளம் வெட்டிய இரும்புக் கட்டை இரண்டில் கிடத்தி, துளி அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை மேலே வைத்து மெல்ல உருட்டினார். வளைந்திருந்தால் முள் ஆடும். முள் ஆடியது. நாலு கோடு. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் ஒரு கோடு, நாலு கோடு என்றால் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது.

"இது வளைவா?" என்றேன்.

"இதெல்லாம் வளைவுன்னா புதுசு வாங்குறதுலயும் இருக்கும் சார்" என்றார். மறுபடி உருட்டினார், அதே நாலு. தண்டைத் திரும்ப உள்ளே பொருத்திப் புது கிரீஸ் வைத்துக் கொடுத்தார். நான் பினியனைத் திருப்பினேன். வெண்ணெய். இரண்டு பக்கமும் வெண்ணெய்.

அப்படியானால் அந்தப் பெரியவர் விரலில் தட்டுப்பட்ட முள் எது? பழைய கிரீஸில் ஏதாவது துரும்பு சிக்கியிருக்கலாம். ரேக்குக்கு மேலே இருக்கும் ஸ்டீயரிங் தண்டின் ஜாயிண்ட்டில் இருந்திருக்கலாம், அப்படி என்றால் அது பையன் வண்டியின் குறை, இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. தேடிப் போன நான் இவ்வளவு பயத்தோடு சொன்னதைக் கேட்டு, அவர் இருக்கிறது என்று நினைத்துத் தேடியதால் கிடைத்ததாகவும் இருக்கலாம். மெக்கானிக் அண்ணனிடம் நாலு கோட்டைச் சொன்னேன். "அந்த டிரைவர் கைக்கு முன்னால டயல் கேஜ் எல்லாம் என்ன" என்றார். லேத்காரர் சிரித்தார் என்றும் சொன்னேன். "அவரு அந்த ரோட்ல ஓட்டப் போறதில்லையே" என்றார். மலையில் இருப்பவர்கள் கையை நம்புகிறார்கள், கீழே இருப்பவர்கள் முள்ளை நம்புகிறார்கள் என்று ஒரு வாக்கியம் அப்போது தோன்றியது, கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை, ஏனென்றால் நான் மலையில்தான் இருக்கிறேன், எனக்கு இரண்டையும் நம்ப முடியவில்லை.

நாலு கோடு விஷயத்தை அந்தத் தம்பியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன், ஒருதடவை மறைத்தது போதும் என்று. உடனே பதில் வந்தது.

"அப்ப நல்லாத்தானே இருக்குங்ணா. எனக்கே திருப்பிக் குடுத்துருங்க. பழசு ரொம்ப ஆடுது, நேத்து நடுவட்டத்துல ஸ்டீயரிங் கையில நிக்கல. அதே பதினாலாயிரம் இப்பவே போடறேன்."

இதைப் படித்தபோதுதான் நான் செய்து வைத்திருக்கும் காரியம் முழுதாகத் தெரிந்தது. என் தூக்கத்துக்காக, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ரேக்கைக் கழட்டிவிட்டு, ஆட்டம் விழுந்த ரேக்கை அவன் வண்டியில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். வேறொன்று வாங்கித் தரலாம் என்று நாலு ஊரில் விசாரித்தேன், சென்னை புதுப்பேட்டை வரை ஆளை விட்டுக் கேட்டாயிற்று. இரண்டு இடத்தில் இருக்கிறது என்றார்கள். இரண்டு இடத்திலும் நான் கேட்ட முதல் கேள்வி, கம்ப்ளைன்ட் எதுவும் இல்லீங்களே என்பது. இரண்டு இடத்திலும் ஒண்ணும் இல்ல சார், ஸ்மூத்தா இருக்கு என்றார்கள்.

மூன்று நாளாக அவனுக்குப் பதில் எழுதவில்லை. அவன் நேற்று ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பியிருக்கிறான். இன்று காலை ஷெட்டைத் திறந்து, சாக்கைப் பிரித்து, ரேக்கை பெஞ்சில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன், இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு, இடது கோடிக்கு ஒன்று, வலது கோடிக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டே. பதினோராவது தடவை வலது பக்கம் ஏதோ இருந்தது போல இருந்தது. பன்னிரண்டாவது தடவை இல்லை.